ஏழு உறைகள், ஏழு குண்டூசிகள்

குண்டூசி டப்பா இல்லாமல் நான் வீட்டை விட்டுக் கிளம்பிய நாள் கிடையாது. கைப்பையில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் அது கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். கீழே ஊரில் கைக்குழந்தை. மாற்றல் கேட்டு மனு அனுப்பினேன். மருத்துவச் சான்றிதழ் வரத் தாமதமானதால் அதைத் தனி உறையில் அனுப்பினேன். மனு ஒரு மேசைக்குப் போயிற்று, சான்றிதழ் வேறொரு மேசைக்குப் போய்த் தொலைந்தது. இணைப்பு இல்லை என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். அந்த ஒரு தாளுக்காக மூன்று வருஷம் மலையில் இருந்தேன். என் மகள் என்னைப் பார்த்து அழுதுகொண்டு என் மாமியார் இடுப்பில் ஏறிய காலம் அது.

அதிலிருந்து எந்தத் தாள் எந்தத் தாளோடு சேர வேண்டுமோ அதைச் சேர்த்துக் குத்திவிடுவேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் குண்டூசி டீச்சர் என்று பெயர். என் தம்பி இன்னும் ஒருபடி மேலே போவான். “எங்க அக்கா செத்தா டெத் சர்டிபிகேட்டையும் சேத்துக் குத்திதான் பெட்டியில வெக்கணும், இல்லன்னா எழுந்து வந்துடும்” என்பான். நான் அவனை அடிக்க ஓடுவேன்.

தம்பி கொத்தனார். முப்பது வயசிலேயே தலை வழுக்கை. எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில். நாங்கள் இருப்பது கோயில் தெரு. மாதா கோயிலைச் சுற்றி எண்பது வீடு. என்னைக் கட்டிக்கொடுத்ததும் அதே தெருவில், அம்மா வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. தெருவில் பாதிப் பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். கொஞ்சம் பேருக்குச் சொந்த நிலம் உண்டு. என்னைப் போல ஏழெட்டுப் பேர் சர்க்கார் சம்பளம் வாங்கினோம்.

எங்கள் கல்லறை ஓடைக்கு அந்தப் பக்கம். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது, மணலில் நடந்து போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகையில் யாராவது செத்தால் இடுப்பளவு தண்ணீரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கள் அம்மா கார்த்திகையில் போனாள். ஓடை நடுவில் முன்னால் பிடித்தவனுக்குக் கால் வழுக்கிப் பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே தண்ணீர் போய்விட்டது. தம்பிதான் அதைத் தோளில் முட்டுக்கொடுத்து நிமிர்த்தினான். கரையேறிய பிறகு பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. அந்தச் சொட்டை அவன் பார்த்துக்கொண்டே நடந்தான். நானும் பார்த்தேன்.

ஓடைக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம். நாலு சிமெண்ட் குழாய், ரெண்டு பக்கமும் கல் கட்டு, மேலே கிராவல். அவ்வளவுதான் அவன் கேட்டது. கொத்தனார் என்பதால் அளவெல்லாம் அவனே எடுத்து, தாளில் படம் போட்டு வைத்திருந்தான். பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம் போட்டால் வேலை ஆகிவிடும். மூன்று தடவை மனு கொடுத்தான். அப்போதிருந்த தலைவர் கெட்டவர் இல்லை. “பாக்கலாம்பா” என்று மூன்று தடவையும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். மூன்றாவது தடவை தம்பி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, “நானே நின்னுடறேன்க்கா” என்றான்.

உள்ளாட்சித் தேர்தல் அறிவித்திருந்த நேரம். தலைவர் பதவிக்கு அவனும் ஊர்த்தெருவிலிருந்து ஒருவருமாக இரண்டே பேர். இவனுக்குச் சீப்புச் சின்னம் கொடுத்தார்கள். தெருவே சிரித்தது. “வழுக்கத் தலயனுக்குச் சீப்பு குடுத்திருக்கான் பாரு, அந்த ஆபீசருக்கு இன்னா குசும்பு” என்று பெண்கள் குழாயடியில் பேசிச் சிரித்தார்கள். அவனும் தலையைத் தடவிக்கொண்டே வீடு வீடாகப் போய், “எனக்குத்தான் ஒதவல, ஒங்களுக்காவது ஒதவட்டும், போடுங்க” என்று கேட்டான். ஊர்த்தெருவிலும் நிறையப் பேர் வீட்டுக்கு அவன் கட்டடம் கட்டிக் கொடுத்திருந்தான். சுவர் விரிசல் விடாமல் கட்டுகிறவன் என்று அவனுக்கு ஒரு நல்ல பேர் இருந்தது. ஜெயிப்பான் என்று நான் நம்பினேன்.

சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தேர்தலன்று சொந்த ஊரில் ஓட்டுப் போட முடியாது. வேறு ஊருக்கு வாக்குச்சாவடி வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் தபால் ஓட்டு. எங்கள் தெருவில் ஏழு பேருக்கு அது வந்தது. ஐந்து பேர் ஆசிரியர்கள், ஒருவர் தாலுக்கா ஆபீஸ் கிளார்க், இன்னொருவர் டைப்பிஸ்ட். ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்குச்சீட்டு, ஒரு உறுதிமொழித் தாள், ஒரு சின்ன உறை, ஒரு பெரிய உறை. இன்னார்தான் இந்த ஓட்டைப் போட்டார் என்று பெரிய அதிகாரி ஒருவர் முன்னால் கையெழுத்துப் போட்டுத் தருவது உறுதிமொழி. எனக்கு மலையில் ஒரு சாவடி. மூன்று வருஷம் அங்கே இருந்தவள் என்று தெரிந்தே போட்டிருப்பார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எந்தக் காலையில் எந்த ரோட்டில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சிக்குப் போன பஸ் பாதியில் திரும்பி வரும். தபால் பையும் அதே பஸ்ஸில்தானே வர வேண்டும். எண்ணுகிற நாளுக்குள் உறை போய்ச் சேராவிட்டால் ஓட்டு செல்லாது. அதுதான் எங்கள் எல்லாருக்கும் கவலை. உறை போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏழு பேரையும் மாதா கோயிலை ஒட்டிய பங்குப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரையும் வரவழைத்தேன். அவர் பச்சை மையில் ஏழு உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் ஏழு பேரும் உட்கார்ந்து ஓட்டுப் போட்டோம். முதலில் நான் போட்டேன். போட்டுவிட்டு எழுந்து, பரீட்சை ஹாலில் நடப்பது போல பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன். ஒவ்வொருத்தர் தோளுக்கு மேலும் எட்டிப் பார்த்தேன். தாலுக்கா ஆபீஸ் கிளார்க் கையால் மறைத்தார். “கையை எடுப்பா, சரியா போட்டிருக்கியான்னு பாக்கறேன்” என்று நானே அவர் கையை நகர்த்தினேன். செய்யக் கூடாத காரியம். அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. ஏழு சீட்டிலும் சீப்புக்கு நேராகத்தான் டிக் இருந்தது.

அடுத்தது உறை. எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். சின்ன உறைக்குள் வாக்குச்சீட்டு மட்டும். அதன் வாயை ஒட்டி, அதையும் உறுதிமொழியையும் தனித்தனியாகப் பெரிய உறைக்குள் வைக்க வேண்டும். நான் அதைப் படித்தேன். படித்தேன், நம்பவில்லை. ஒரு சீட்டும் அதற்கான உறுதிமொழியும் தனித்தனியாகப் போனால் ஆபீசில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், என் மாற்றல் மனுவுக்கு நடந்ததுதான் நடக்கும். டப்பாவை எடுத்தேன். வாக்குச்சீட்டோடு உறுதிமொழியை வைத்துக் குத்தி, இரண்டையும் சின்ன உறைக்குள் போட்டேன். “எல்லாரும் இப்படியே பண்ணுங்க” என்றேன்.

எங்கள் தெருவில் கடைசி வீட்டில் ஒரு டீச்சர் உண்டு. என்னைவிடப் பத்து வயசு சின்னவள், அதிர்ந்து பேசாதவள். அவள் அந்த அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, இதுல உறுதிமொழிய பெரிய உறையிலதான வெக்கச் சொல்லி இருக்குது” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எனக்குக் கத்துக்குடுக்க வந்துட்டியா? தனியா வுட்டா எந்தத் தாளு எந்த மேசைக்குப் போவும்னு எனக்குத் தெரியும். மூணு வருசம் மலையில கெடந்தவ நானு. குத்து.”

அவள் குத்தினாள். மற்றவர்களும் குத்தினார்கள். ஏழு குண்டூசியும் என் டப்பாவிலிருந்து எடுத்ததுதான். மறுநாள் காலையில் தம்பியைச் சைக்கிளில் அனுப்பி, ரிஷிவந்தியம் தபால் ஆபீஸ் பெட்டியில் போடச் சொன்னேன். பஸ்ஸை நம்பவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவனே கொண்டுபோய்ப் போட்டான்.

மலையில் என் சாவடி ஓடு வேய்ந்த ஒரு பள்ளிக்கூடம். கச்சிராயப்பாளையம் வழியாக லாரியில் ஏறி, ரோடு முடிந்த இடத்திலிருந்து ஓட்டுப் பெட்டியைத் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு நடந்தோம். ஓட்டுப் போட வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. முத்திரையை எங்கே குத்த வேண்டும், மை ஒட்டாமல் எப்படி மடிக்க வேண்டும் என்று வெறும் தாளில் ஒவ்வொருவருக்கும் மடித்துக் காட்டினேன். யாரும் அவசரப்படவில்லை. நான் சொன்னதை அப்படியே கேட்டு அப்படியே மடித்தார்கள்.

முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் சீட்டை வாங்கிக்கொண்டு, “எதுல குத்தறது டீச்சர்?” என்று கேட்டாள்.

“அத நான் சொல்லக் கூடாதும்மா. நீயே போயி குத்து. யாரும் பாக்க மாட்டாங்க.”

“நீயுமா?”

“நானுந்தான்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். அந்தச் சுவரைப் பார்த்து நின்ற நேரத்தில்கூட எனக்குப் பங்குப் பள்ளிக்கூடத்து பெஞ்சு ஞாபகம் வரவில்லை. சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றுகிற பெண் என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இறங்கும்போது அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் மரம் கிடந்தது. அறுத்து நகர்த்தும் வரைக்கும் இரண்டு மணி நேரம் லாரியிலேயே உட்கார்ந்திருந்தோம். நம் உறைகள் போயிருக்குமா, போயிருக்குமா என்று அதே கேள்வி. கள்ளக்குறிச்சியில் பெட்டியை ஒப்படைத்த கையோடு தெரிந்த தபால்காரர் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டேன். ரிஷிவந்தியத்தில் தபால் ஒழுங்காகப் பட்டுவாடா ஆகிறது என்றார். நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

எண்ணிக்கை ரிஷிவந்தியம் யூனியன் ஆபீசில். தம்பி வேட்பாளர் என்பதால் உள்ளே போனான். நான் தெருவாட்களோடு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். தபால் ஓட்டைத்தான் முதலில் எடுப்பார்கள். அரை மணி நேரத்தில் தம்பி வெளியே வந்தான்.

“தபால் ஓட்டு ஏழும் தள்ளிட்டாங்கக்கா.”

“வந்து சேரலியா?”

“வந்துச்சு. ஏழும் வந்துச்சு. பெரிய உறையைப் பிரிச்சாங்க. உறுதிமொழி இல்ல. உறுதிமொழி இல்லன்னா சின்ன உறையைப் பிரிக்கவே கூடாதாம். பிரிக்காமலேயே மேல எழுதிக் கட்டி வெச்சிட்டாங்க.”

“உள்ளதான்டா இருக்குது. பிரிக்கச் சொல்லு.”

“சொன்னேன்க்கா. ஆபீசரு நல்ல மனுசன். உறையை என் கையிலயே குடுத்து, தடவிப் பாருங்கன்னாரு. பாத்தேன். குண்டூசி தட்டுப்படுது.” அவன் என்னைப் பார்த்தான். “உள்ளதான் இருக்குதுன்னு எனக்கும் தெரியுது, ஒங்களுக்கும் தெரியுது, ஆனா பிரிக்க எனக்கு அதிகாரமில்லன்னுட்டாரு.”

கூட்டத்தில் கடைசி வீட்டு டீச்சரும் நின்றிருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தெருவாட்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஏழு ஓட்டுல இன்னா வந்துடப்போவுது, வுடு” என்று சொல்லி வேர்க்கடலை வாங்கித் தின்றார்கள். நானும் அப்படித்தான் ஆகட்டும் மாதாவே என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். நூறு ஓட்டில் ஜெயித்தாலும் சரி, நூறு ஓட்டில் தோற்றாலும் சரி, இந்த ஏழுக்குக் கணக்கே வராமல் போகட்டும் என்றுதான் வேண்டினேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு முடிவு சொன்னார்கள். தம்பி ஐந்து ஓட்டில் தோற்றிருந்தான்.

ஐந்து. திரும்ப எண்ணச் சொன்னான், திரும்ப எண்ணினார்கள். அதே ஐந்து. சின்ன உறை ஏழையும் பிரித்திருந்தால் இரண்டு ஓட்டில் ஜெயித்திருப்பான். இந்தக் கழித்தலை நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். ஜெயித்தவருக்கு மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் தம்பியிடம் வந்து கையைப் பிடித்து, “மனசுல வெச்சிக்காதப்பா” என்றார். தம்பி அவருக்கும் சிரித்த முகமாகத்தான் பதில் சொன்னான்.

வீட்டுக்கு வந்து நான் அடுப்பு பற்றவைக்கவில்லை. அம்மா வீட்டுக்குள் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஒன்றும் புரியாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். தம்பி பொண்டாட்டி தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டேன்.

“நான்தாண்டா குத்தினேன்” என்றேன் தம்பியிடம். “ஏழும் நான்தான் குத்தச் சொன்னேன். அவ அப்பவே சொன்னா, நான் கேக்கல.”

அவன் கை கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். தட்டை மறுபடியும் என் பக்கம் நகர்த்தினான். பிறகு சொன்னான்: “இன்னாக்கா நீ. ஏழும் எனக்குத்தான் வுழுந்திருக்கும்னு இன்னா நிச்சயம்? மூடின உறை. நாலு பேரு எனக்கும் மூணு பேரு அவருக்கும் போட்டிருந்தா அப்பவும் நான் தோத்துதான் இருப்பேன். ஒரு தெருன்னா எல்லாருமா நமக்குப் போடுவாங்க? நீ சும்மா இல்லாததை நெனச்சிக்கினு கெடக்காத.”

ஏழும் அவனுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தோளுக்கு மேலும் எட்டிப் பார்த்தவள் நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவனுக்கு இருக்கிற ஒரே சமாதானமும் போய்விடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கும் அந்தச் சமாதானம் அப்போது வேண்டியிருந்தது. பேசாமல் தட்டை இழுத்து இரண்டு வாய் சாப்பிட்டேன். அவன் எழுந்து, பாலத்துக்குப் படம் போட்ட தாளை மடித்து அம்மா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான்.

கடைசி வீட்டு டீச்சர் ஒரு நாள்கூட என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவளை நிறுத்தி, “நீ சொன்னதுதான் சரி” என்றேன். “வுடுங்கக்கா” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஜெயித்தவர் பாலம் கட்டவில்லை. கட்ட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவரும் பார்க்கலாம் என்றார். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் அடுத்த வருஷம் வரும், அதற்கடுத்த வருஷம் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வரவே இல்லை. போராட்டமெல்லாம் ஓய்ந்து, ரோட்டோரம் வெட்டின புளியமரங்கள் மறுபடியும் தழைத்துவிட்டன. அதற்குள் மழைக்காலத்தில் எங்கள் தெருவில் எத்தனையோ பேர் அந்த ஓடையைத் தாண்டினார்கள். ஒவ்வொரு தடவையும் தம்பி முன்னால் போய்த் தண்ணீரில் இறங்கி ஆழம் பார்த்துச் சொல்வான். நான் காய்ச்சல், தலைவலி என்று சொல்லிக் கல்லறைக்குப் போகாமல் இருந்துவிடுவேன்.

அப்பா ஐப்பசியில் போனார். அதற்குப் போகாமல் இருக்க முடியாது.

இரண்டு நாளாக மழை. ஓடையில் தொடைக்கு மேல் தண்ணீர் சேறும் சருகுமாகப் போய்க்கொண்டிருந்தது. பங்குச் சாமியார் குடை பிடித்துக்கொண்டு கரையிலேயே ஜெபம் சொன்னார். தம்பி முன்பக்கம் வலது தோள் கொடுத்திருந்தான். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவனுக்குப் பக்கத்திலேயே இறங்கினேன். நடு ஓடையில் பின்னால் வந்தவன் தடுமாறினான். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. தம்பி நின்று, கழுத்து நரம்பு புடைக்க அதைத் தாங்கினான். அவனுக்கும் அப்போது வயசாகிவிட்டது. அவன் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

என்னால் அடக்க முடியவில்லை. “ஏழு பேரும் ஒனக்குத்தாண்டா போட்டாங்க” என்றேன். “நான் ஒவ்வொண்ணா பாத்தேன். அன்னிக்கே எனக்குத் தெரியும். ஒங்கிட்ட சொல்லாம இருந்துட்டேன்.”

அவன் திரும்பவில்லை. தோளில் பெட்டி இருந்தது, திரும்பவும் முடியாது. “தெரியும்க்கா” என்றான். “கடைசி வூட்டு டீச்சரு யூனியன் ஆபீசு வாசல்லயே சொல்லிட்டாங்க. நீ எல்லாத்தையும் எட்டிப் பாத்தன்னு.”

“அப்புறம் எதுக்குடா அன்னிக்கு அப்படிச் சொன்ன?”

“நீ சோறு துன்னலியே” என்றான். “கீழ கை குடு, அப்பா நனயறாரு.”

நான் பெட்டிக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தேன். அக்கரை சேரும் வரைக்கும் எடுக்கவில்லை.